நச்சாடையும் எர்த் குழியும்

தென்பாண்டிச் சீமையில் சிவபெருமான் பஞ்ச பூதங்களுக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிவிட்டார். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, காளஹஸ்தி என்று ஊர் ஊராக பஸ் ஏறித் திரிய வசதியில்லாத ஜனங்கள், ஒரு வேன் பிடித்தால் சிவராத்திரி அன்று ஒரே மூச்சில் ஐந்தையும் முடித்துவிடலாம். சங்கரன்கோவில் மண். கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு. தாருகாபுரம் தண்ணீர். தென்மலை காற்று. ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் சேத்தூரை ஒட்டி வருகிற தேவதானத்துக்குக் கிடைத்தது ஆகாயம்.

பாகம் பிரித்ததில் தேவதானத்துக்குத்தான் நஷ்டம் என்று தோன்றும். மண் கிடைத்த சங்கரன்கோவில்காரர்கள் புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஆகாயத்தை எந்தப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பது? ஆனால் ஹாம் ரேடியோக்காரர்களைக் கேட்டால் தேவதானத்துக்குத்தான் லாபம் என்பார்கள். ஹாம் என்றால் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு, பிரேசில்காரனோடு பேசி, கடைசியில் அவனிடம் "உங்க ஊரில் மழை உண்டா" என்று மட்டும் கேட்கிற ஓர் இனம். இந்தியாவில் இவர்களுடைய அடையாளக் குறி வி.யூ. என்று ஆரம்பிக்கும். ராஜீவ் காந்தி வி.யூ.2ஆர்.ஜி., கமல்ஹாசன் வி.யூ.2எச்.ஏ.எஸ்., அமிதாப் பச்சன் வி.யூ.2ஏ.எம்.ஒய். ஹாம்கள் எல்லாரும் காலமெல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான். தேவதானத்தையும் சங்கரன்கோவிலையும் செம்புப் பட்டையால் இணைப்பது. நடுவில் கரிவலம்வந்தநல்லூர் வீட்டுக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

இதில் மனித குலம் எப்போதுமே ஆகாயத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. கோபுரத்தை யார் எழுப்பினார் என்று கல்வெட்டு இருக்கும். அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. இடி இந்தப் பாரபட்சத்தை நன்றாகப் புரிந்துவைத்துக்கொண்டு, இருநூற்றெழுபது வருஷமாக ஆட்களைப் பிடித்துப் பிடித்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த வகுப்பின் வருகைப் பதிவேடுதான் கீழே.

பதிவேட்டின் முதல் பக்கம் தேவதானத்துக்கே உரியது. கோயிலில் சுவாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர். கதை இப்படி: பாண்டியனை நேரடியாக ஜெயிக்க முடியாத சோழன், உறவாடிக் கெடுக்கப் பார்த்து, விஷம் தோய்த்த பட்டாடை ஒன்றைச் சீர் வரிசையில் வைத்து அனுப்புகிறான். சுவாமி பாண்டியன் கனவில் வந்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். மறுநாள் பாண்டியன், "ஆடை பிரமாதம். முதலில் கொண்டுவந்த நீரே ஒரு தடவை உடுத்திக் காட்டும்" என்கிறான். தூதன் உடுத்துகிறான், எரிந்துபோகிறான்.

பக்தர்கள் இதில் இறைவனின் கருணையைப் பார்ப்பார்கள். எலெக்ட்ரீஷியன் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். மேலிடத்திலிருந்து ஒரு பேராபத்து இறங்குகிறது. அது ராஜா மேல் படாமல், பக்கத்தில் மட்டமான விலையில் கிடைக்கிற ஒரு பாதையில் திருப்பிவிடப்படுகிறது. ராஜா பிழைக்கிறார், பாதை கருகுகிறது. இன்றைக்கு ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் மாட்டுகிற அரெஸ்டரும் இதே தத்துவம்தான். ஒரே வித்தியாசம், அரெஸ்டருக்குக் குடும்பம் கிடையாது.

தேவதானத்திலிருந்து வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று நாங்கள் சொல்வோம். முத்திரையை வரைந்த கிருஷ்ணா ராவ் மதுரை மேலக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது அதன் உச்சியில் இருக்கிற கலசம். வாட்ஸ்அப் வந்த நாளிலிருந்து கலசமே இடிதாங்கி, அதற்குள் கொட்டிய வரகுதான் மின்னலை விழுங்குகிறது, நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று ஒரு செய்தி, கும்பாபிஷேகம் நடக்காத ஊருக்கெல்லாம்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டது. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். அதனால்தான் அவர்கள் இப்படி எதையும் சொல்லவில்லை. கலசத்திலிருந்து தரைக்கு இறங்குகிற கம்பி எங்கே என்று கேட்டுப் பாருங்கள், உங்களை குரூப்பை விட்டு எடுத்துவிடுவார்கள். தரைக்கு வழியில்லாத உலோகம் இடிதாங்கி ஆகாது, இடிக்கு வைத்த இலை. பெரிய கோயில்கள் பலவற்றில் கலசத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் காலத்து இடிதாங்கிக் கம்பி ஒன்று அமைதியாக நிற்கிறது. புகழ் வரகுக்கு, வேலை கம்பிக்கு.

சிரிக்க வேண்டாம், ஐரோப்பா இதைவிட மோசம். அங்கே இடி இடித்தால் தேவாலய மணியை அடித்து விரட்டலாம் என்று நம்பிக்கை. ஊரிலேயே உயரமான கட்டடம், உச்சியில் பெரிய வெண்கல மணி, அதிலிருந்து தொங்குகிற மழையில் நனைந்த கயிறு, கயிற்றின் மறு நுனியில் ஒரு மனிதன். இடிக்கு இதைவிட மரியாதையான அழைப்பிதழ் யாரும் அச்சடித்ததில்லை. 1784-ல் மூனிக்கில் வெளியான ஒரு புத்தகக் கணக்குப்படி, 33 வருஷத்தில் 386 தேவாலயக் கோபுரங்களில் இடி விழுந்து 103 மணியடிப்பவர்கள் செத்திருக்கிறார்கள். அத்தனை காலமும் எர்த் வயர் உத்தியோகத்தை அவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள், சம்பளம் மட்டும் மணியடிப்பதற்கு.

1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டார். மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்று நிரூபித்து, கூரையில் ஒரு கம்பி, அதைத் தரை வரை கொண்டுபோய்ப் புதைத்தால் போதும் என்றார். மறு வருஷமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மான் என்ற விஞ்ஞானி கூரையில் கம்பி வைத்தார். எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அளக்க வேண்டுமாம். அதனால் கம்பியைத் தரையில் இறக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து தன் கருவியில் நிறுத்திக்கொண்டார். மழை வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடி, கருவியின் முன்னால் குனிந்தார். நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு, செருப்பு கிழிந்தது, கதை முடிந்தது. ஆன்டெனாவை உயரத்தில் கட்டிவிட்டு எர்த்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஒவ்வொரு ஹாமும் ரிச்மானுக்கு ஒன்றுவிட்ட பேரன்.

கம்பி நட்டவனுக்கு இடியைவிடப் பெரிய எதிரி பக்கத்து வீடு. 1755-ல் பாஸ்டனில் நிலநடுக்கம் வந்தபோது தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்: இந்த பிராங்க்ளின் கம்பிகள் ஆகாயத்தில் இருக்கிற மின்சாரத்தையெல்லாம் மண்ணுக்குள் இறக்குகின்றன, மண் வயிறு உப்பி நடுங்குகிறது. பிரான்ஸில் செயின்ட்-ஓமேர் என்ற ஊரில் விசெரி என்ற பெரியவர், உலக உருண்டை மாதிரி ஒன்றைச் செய்து அதன் மேல் வாளைச் செங்குத்தாகச் செருகி, அதைத் தன் வீட்டு இடிதாங்கியாக வைத்தார். தெருவே திரண்டுவிட்டது. ஊர் நிர்வாகம் எடுக்கச் சொன்னது. பெரியவர் கோர்ட்டுக்குப் போனார். 1783-ல் அவருக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்தது ஓர் இளம் வக்கீல், பெயர் ரோபஸ்பியர். மின்னலிலிருந்து தலைகளைக் காப்பாற்றிய அதே மனிதர் பத்து வருஷம் கழித்து அந்தத் தலைகளுக்கு வேறு ஏற்பாடு செய்தார் என்பது சரித்திரத்தின் குசும்பு.

இங்கிலாந்தில் இதுவே அரசியல் ஆகிவிட்டது. கம்பியின் முனை கூர்மையாக இருக்க வேண்டும் என்றார் பிராங்க்ளின். அமெரிக்கா கலகம் செய்துகொண்டிருந்த நேரம், பிராங்க்ளின் கலகக்காரர் கட்சி. அதனால் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மொட்டை முனைதான் ராஜ விசுவாசமானது என்று முடிவு கட்டினார். மின்னலை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இனி ரேடியோவுக்கு வருவோம். 1895-ல் இத்தாலியில் பொன்தேக்கியோ என்ற கிராமத்தில் மார்க்கோனி என்ற இருபத்தொரு வயதுப் பையன் மாடியில் கம்பியும் பேட்டரியுமாக உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்கு எரிச்சல். அம்மா அயர்லாந்தின் ஜேம்சன் விஸ்கிக் குடும்பத்துப் பெண், அதனால் பையனின் கிறுக்கு அவருக்குப் பழகிய போதையாகத்தான் பட்டிருக்க வேண்டும். கம்பியில்லாமல் சமிக்ஞை போனது உண்மை, ஆனால் சில நூறு கஜத்துக்கு மேல் போக மாட்டேன் என்றது. அப்போது பையன் ஒரு காரியம் செய்தான். கருவியின் ஒரு முனையை உயரத்தில் தொங்கவிட்ட உலோகத்தோடும், மறு முனையை மண்ணில் புதைத்த உலோகத்தோடும் கட்டினான். சமிக்ஞை குன்றைத் தாண்டிவிட்டது. தாண்டியது எப்படித் தெரியும் என்றால், குன்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் அல்ஃபோன்சோ துப்பாக்கியோடு நின்றிருந்தான். சமிக்ஞை வந்தால் துப்பாக்கியால் சுடு என்று உத்தரவு. கம்பியில்லாத் தந்தியின் முதல் பதில் ஒரு வேட்டு. உலகத்தை இணைக்கப்போகிற தொழிலில் பாதி ரகசியம் புதைத்த தகட்டில் இருந்தது. படம் எடுத்தவர்கள் எல்லாரும் மேலே தொங்கியதை மட்டும்தான் எடுத்தார்கள். (அதே வருஷம் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவரைத் தாண்டி மணியடித்துக் காட்டினார், காப்புரிமை வாங்க அவருக்கு மனசு வரவில்லை. நம் ஆட்கள் எப்போதுமே இப்படித்தான்.)

பணம் வந்ததும் மார்க்கோனியும் கோபுர மயக்கத்தில் விழுந்தார். இங்கிலாந்தின் போல்டுவில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேச 20 கம்பங்கள், ஒவ்வொன்றும் 200 அடி, வட்டமாக நிறுத்தப்பட்டன. ஒரு கம்பத்தின் உச்சியை அடுத்த கம்பத்தின் உச்சியோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒன்று சாய்ந்தால் மொத்தக் கூட்டணியும் கவிழும் என்று விவியன் என்ற என்ஜினியர் சொல்லிப் பார்த்தார். என்ஜினியர் சொல்வதை முதலாளி எந்த நாட்டில் கேட்டிருக்கிறார்? 1901 செப்டம்பரில் ஒரு காற்று. இருபதும் தரையில். அமெரிக்கப் பக்கம் கேப் காடில் இதே மாதிரி கட்டியதும் நவம்பரில் விழுந்தது. கடைசியில் போல்டுவில் அவசரத்துக்கு இரண்டு கம்பம் நட்டுச் சமாளித்து, அக்கரையில் நியூபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதில் தொங்கிய கம்பியில் டிசம்பர் 12-ந் தேதி மூன்று புள்ளிகளைக் கேட்டார் மார்க்கோனி. தேனி, தென்காசிப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் தகரக் கூரையைத் துரத்திக்கொண்டு ஓடிய அனுபவஸ்தர் ஒருவரைப் பக்கத்தில் வைத்திருந்தால் மார்க்கோனிக்கு இருபது கம்பம் மிச்சமாகியிருக்கும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியை எங்கே கட்ட வேண்டும் என்பது தென்மலைக் காற்று வாங்கிய எவனுக்கும் தெரியும்: தரையில்.

கம்பத்தைச் சாய்ப்பதிலும் நாகரிகம் உண்டு என்று காட்டியது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவில் ஆட்களை இறக்கி, அங்கிருந்த கம்பியில்லாத் தந்திக் கம்பத்தை வெடி வைத்து வீழ்த்த வந்தார்கள். தந்தி ஆபீஸ் ஆங்கிலேயர்கள் எதிர்க்கவில்லை; ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். கம்பம் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? ஜெர்மானியர்கள் அப்படியே செய்து கொடுத்தார்கள். ஆனால் வெடி வைப்பதற்கு முன்பே ஆபீஸிலிருந்து சேதி போய்விட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டன் கதையை முடித்தது. கம்பம் போனது, கப்பல் போனது, டென்னிஸ் மைதானம் பிழைத்தது.

சென்னையில் 1924 மே 16-ந் தேதி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பத் தொடங்கியது. அரசாங்கத்துக்கு இப்படி ஒரு யோசனை வருவதற்கு முன்பே ஆசைக்காரர்கள் கூடி வானத்தில் குரல் விட்டார்கள். 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடினார்கள். டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போய், 1930-ல் மறுபடி பேச ஆரம்பித்தது. 1938-ல் ஆல் இந்தியா ரேடியோ வந்து நாற்காலியைப் பிடித்தது. 1939-ல் யுத்தம் வந்தவுடன் வெள்ளைக்கார சர்க்கார் ஹாம்களின் லைசென்ஸை ரத்து செய்து கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. பம்பாயில் சிலர் ஒப்படைக்க மறந்தார்கள். 1942-ல் உஷா மேத்தா ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவுக்கு அந்த மறதி கை கொடுத்தது.

எங்கள் பக்கத்துக்கு ஆகாயம் நிஜமாக வந்து சேர்ந்தது இலங்கை வழியாக. கொழும்பில் 1925-ல் தொடங்கிய நிலையத்தின் முதல் டிரான்ஸ்மிட்டர், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்த பாகங்களில் உருவானது. அதன் வாரிசான இலங்கை வானொலியைக் கேட்கத்தான் ராஜபாளையம் மில் தொழிலாளி வீட்டிலும் சேத்தூர்க் கதிரடிக் களத்திலும் ஏரியல் ஏறியது. இரண்டு மூங்கில், நடுவில் பின்னல் பட்டையாக ஒரு செம்புக் கம்பி, ரேடியோவுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை. ஒன்றில் ஏ என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் ஈ. ஏ ஓட்டைக்குக் கம்பி வாங்க ஊரே கடனாளி ஆகும். ஈ ஓட்டைக்கு, தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு பழைய ஆணி. கேட்பதற்கே வருஷம் 15 ரூபாய் லைசென்ஸ், தபால் ஆபீஸில் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் அந்தத் தொல்லை ஒழிந்தபோது லைசென்ஸ் எடுக்காத பாதி ஊர் அதைக் கவனிக்கவே இல்லை.

1982 பிப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் எங்களை எட்டிப் பார்க்காத காலம். கடல் தாண்டிய கொழும்பு கிட்டத்தில் தெரிந்தது. மொட்டை மாடிகளில் 20 அடி, 30 அடி ஜி.ஐ. பைப்புகள் முளைத்தன. உச்சியில் மீன் முள் ஆன்டெனா, அதற்கொரு பூஸ்டர். மாடியில் ஒருவன் பைப்பைத் திருப்ப, வாசலில் ஒருவன் கத்த, உள்ளே அத்தை சித்தப்பா அத்தனை பேரும் "இப்ப தெரியுது, இப்ப போச்சு" என்று தீர்ப்புச் சொல்ல, ஒரு சிங்கள நாடகத்தை எட்டு பேர் மொழி தெரியாமல் ரசித்து அழுதார்கள். அந்தப் பைப்புகளில் எத்தனைக்கு எர்த் இருந்தது? ஐப்பசி மழையில் இடி விழுந்து டி.வி.யும் மோட்டாரும் சேர்ந்து போன வீடுகளில் துக்கம் விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "கண் பட்டிருச்சு."

இந்தப் பாரம்பரியத்தில் வந்தவர்தான் என் நண்பர் ஒருவர். ராஜபாளையம், லேத் பட்டறை, இருபது வருஷத்து ஹாம். பல காலம் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கம்பி கட்டிச் சமாளித்தார். ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு கையும் விரித்த மாதிரி மொத்தம் 20 மீட்டர் கம்பி போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கணக்கு வந்துவிடும். ஆனால் மனிதனுக்குத் தென்னை மரம் போதுமா? தேவதானத்துக்கு மேற்கே, சாஸ்தா கோவில் அருவிக்குப் போகிற வழியில் இருந்த தன் தோப்பில் 60 அடிக் கோபுரம் எழுப்பத் தீர்மானித்தார். 10 அடித் துண்டுகள் ஆறு, முக்கோணக் கட்டு. ஒவ்வொரு துண்டையும் மேலே இருக்கிறவன் கப்பி கட்டி இழுத்து, அடித் துண்டின் மூன்று காலில் செருகி போல்ட் முறுக்க வேண்டும். மூன்று திசையில் ஸ்டே கம்பி, கம்பிக்கு ஒரு டர்ன்பக்கிள், அதாவது முறுக்கி இறுக்குகிற திருகு. டர்ன்பக்கிள் காற்றில் தானாகத் திரும்பி அவிழாமல் இருக்க அதன் நடுவில் ஒரு சிறு கம்பியைக் கோத்து முறுக்குவார்கள். முழு வேலையிலேயே மலிவானது அந்தச் சாண் கம்பி. அதை மறந்த கோபுரங்கள் எங்கெங்கே படுத்திருக்கின்றன என்று ஹாம்களுக்குத் தெரியும்.

ஆடியில் நட வேண்டாம் என்றேன். கேட்டார். அதற்குக் காரணம் காற்று இல்லை, ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று அவர் அம்மா சொன்னதுதான். ஆவணியில் கோபுரம் நின்றது. பக்கத்துத் தோப்பு அத்தை வந்தார். தலையில் கை வைத்து மேலே பார்த்தார்.

"மாப்ளே, இந்த இரும்பு நட்டதிலிருந்துதான் மழை மலையோட நின்னுபோகுது."

"அத்தே, நட்டு நாலு நாள்தானே ஆச்சு?"

"அதான் நாலு நாளா மழையில்லையே!"

பாஸ்டன் பாதிரியாருக்கும் இந்த அத்தைக்கும் நடுவில் 250 வருஷம் இடைவெளி. தர்க்கத்தில் இடைவெளியே இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் சமாதானமாகிவிட்டது. ஸ்டே கம்பி ஒன்றில் அத்தையின் சேலைகள் காய்ந்தன. இன்னொன்றில் நண்பரின் ராஜபாளையம் நாய் கட்டப்பட்டது.

நான் எர்த்தைப் பற்றிக் கேட்டேன். "போட்டாச்சு, போர் பைப்பில கட்டியிருக்கு. 400 அடி! இந்தியாவிலேயே ஆழமான எர்த்" என்றார் பெருமையாக. போய்ப் பார்த்தால் நீல நிறத்தில் பளபளக்கிற பி.வி.சி. பைப். அதில் தடித்த செம்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி கிளாம்ப் போட்டிருந்தது, மிக நேர்த்தியாக. மின்சாரத்தைப் பொறுத்தவரை அது துளசி மாடத்தில் கட்டியதற்குச் சமம்.

பிறகுதான் கடப்பாறை வந்தது. ஊரில் பழகிய முறை, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத குழாயை இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் என்றால் ஈரம் இருக்கிற வரை இது அருமையாக வேலை செய்யும். மலையடிவாரத்துச் செம்மண்ணில் நாலு அடியில் கடப்பாறை 'டங்' என்றது. குழி வெட்ட வந்தவர், "அண்ணாச்சி, கீழே சாஸ்தா மலையே படுத்திருக்கு" என்று கூலியை இரட்டிப்பாக்கினார். உப்பிலும் ஒரு சங்கடம்: முதலில் மண்ணை நனைத்து நல்லவன் பெயர் வாங்கும், பிறகு மழையில் கரைந்து போய்விடும், போகும்போது குழாயையும் தின்றுவிட்டுப் போகும். ஆழம் கிடைக்காத இடத்தில் அகலம்தான் வழி. டவரின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கம்பி, கம்பிக்குக் கம்பி அதன் நீளத்துக்குக் குறையாத இடைவெளி, எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் தட்டையான செம்புப் பட்டையால் கோத்து, பட்டையைக் கிடைத்த திசையெல்லாம் நீட்டிப் புதைத்தார்கள்.

நண்பருக்கு இன்னொரு உதவி அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அரிசோனாப் பாலைவனத்தில் குண்டு வைக்கிற கிடங்குகளுக்கு எர்த் கிடைக்கவில்லை. மண் அவ்வளவு வறட்சி. ஹெர்பர்ட் யூஃபர் என்பவர் அஸ்திவாரத்து கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியையே எர்த்தாக ஆக்கினார். கான்கிரீட் மண்ணிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சுலபத்தில் விடாது. அதனால் டவரின் அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டும்போதே அதில் ஒரு முனையை வெளியே விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. நண்பர் கான்கிரீட் போட்டு மூன்று மாதம் கழித்து இதைக் கேள்விப்பட்டார்.

கடைசியாக வந்ததுதான் நிஜமான சண்டை. டவர் எர்த் தனி, வீட்டு எர்த் தனி, இரண்டையும் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் இடி வீட்டுக்குள் வரும் என்று எலெக்ட்ரீஷியன் அடித்துச் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். எர்த் குழி 10 ஓம் என்றால் டவரின் அடி ஒரு கணம் 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். அந்த நேரத்தில் வீட்டு எர்த் பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கும். சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் இருக்கிற ரேடியோ வழியாகத்தான் கணக்குத் தீர்க்கப்படும். இரண்டையும் தரைக்கடியில் தடித்த பட்டையால் இணைத்துவிட்டால் மூன்று லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், நடுவில் யாருக்கும் அடி கிடையாது. கேபிளின் மேலுறையை டவர் உச்சியிலும் அடியிலும் வீட்டுச் சுவரிலும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். பட்டையை அழகுக்காகச் செங்கோணத்தில் மடிக்கக் கூடாது. அந்த வேகத்தில் வருகிற மின்னல் முனையில் திரும்பாது, சுவருக்குள் போய்விடும். எலெக்ட்ரீஷியன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. இணைத்துக் கொடுத்துவிட்டு, தான் இணைக்கவில்லை என்று சொல்லச் சொன்னார்.

இத்தனை பாடும் எதற்கு, பிரேசில் மழையை விசாரிக்கவா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அதற்குத்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைப் புரட்டியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யூ.2ஆர்.பி.ஐ., பொழுதுபோக்காக உலகத்தோடு பேச போர்ட் பிளேரில் ஏற்கெனவே ஆன்டெனா கட்டி உட்கார்ந்திருந்தார். டெலிபோன் செத்துப்போனபின் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் சேதி கொண்டுபோனதில் அந்த நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு யாரும் அவரிடம் உங்கள் கம்பியால்தான் மழை நின்றது என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கம் இடி இரண்டு தவணையாக வரும், சித்திரை வைகாசியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அதற்கு முன் ஒரு நாள், மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குழியைத் திறந்து பாருங்கள். கிளாம்பில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி முறுக்குங்கள். கோடையில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் குழாய் என்று நினைத்துக்கொண்டிருப்பது பி.வி.சி.யா என்று தட்டிப் பாருங்கள். மழை மேகம் மலையில் கட்டுவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எர்த் பட்டையோடு சேர்த்துவிடுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தபிறகு டவர் பக்கமே போகாதீர்கள். போகிற போக்கில் ஸ்டேயில் கட்டியிருக்கிற நாயையும் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள், அது பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கவில்லை.